அமெரிக்க வேவர் மனுவுக்கு நாடு நாடாக போலீஸ் சான்றிதழ்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேட்கப்படும் கேள்விகள்

கணவனோ மனைவியோ அமெரிக்காவில் இருக்கிறார். மற்றவர் பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ ஓசூரிலோ இருக்கிறார். மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இன்டர்வியூ முடிந்ததும் விசாவுக்குப் பதிலாக ஒரு தாளைக் கொடுத்து, வேவர் போடச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அதன்பிறகு கிளம்பும் சந்தேகங்களில் பாதி போலீஸ் சான்றிதழ்களைப் பற்றியே இருப்பதால், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறோம். முதலில் எளிய கேள்விகள், சிக்கலானவை பிற்பகுதியில்.

1. வேவர்னா என்னங்க? அதுக்கும் போலீஸ் சர்டிபிகேட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்கச் சட்டம் சிலரை உள்ளே விடத் தகுதியில்லாதவர் என்கிறது. விசா முடிந்தும் 180 நாளுக்கு மேல் அங்கே தங்கிவிட்டுத் திரும்பியவருக்கு 3 ஆண்டுத் தடை, ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவருக்கு 10 ஆண்டுத் தடை. பொய்த் தகவல் கொடுத்து விசா வாங்கியவருக்கும் வாங்க முயன்றவருக்கும் ஆயுள் முழுக்கத் தடை. சில குற்றங்களுக்கும் தடை உண்டு. இவற்றில் பலவற்றை மன்னிக்கும்படி ஐ-601 படிவத்தில் கேட்பதுதான் வேவர். பொதுவாக, அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்கும் கணவன், மனைவி, பெற்றோர் ஆகியோரில் ஒருவர் கடும் அல்லல்படுவார் என்று காட்ட வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டண அட்டவணையில் இதற்கு 1,050 டாலர். பணம் கட்டும் நாளில் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அல்லலைக் காட்டுவதற்கு போலீஸ் சான்றிதழ் உதவாது. அது தேவைப்படுவது வேறு இரண்டு காரணங்களுக்காக. என்ன நடந்தது என்பதற்கு அதுவே ஆதாரம். அந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை என்பதற்கும் அதுவே ஆதாரம். அல்லலை நிரூபித்தாலும், நன்மை தீமைகளைத் தட்டில் வைத்துப் பார்த்து முடிவெடுப்பது அதிகாரியின் விருப்புரிமை. அந்தத் தட்டில் நல்ல பக்கம் விழும் தாள்கள் இவை.

இன்னொரு விதியை மனதில் இருத்துங்கள். கிடைத்த வேவர், மனுவில் குறிப்பிட்ட காரணங்களுக்கும் குற்றங்களுக்கும் சம்பவங்களுக்கும் மட்டுமே செல்லும். சொல்லாமல் விட்டதற்குச் செல்லாது. கீழே உள்ள பல பதில்கள் கடைசியில் இந்த விதியில்தான் வந்து முடியும்.

2. எங்க வீட்டுக்காரர் அமெரிக்கா சிட்டிசன். சர்டிபிகேட் அவர் வாங்கணுமா, நான் வாங்கணுமா?

நீங்கள்தான். யாருக்கு விசா வேண்டுமோ அவருக்கு 16 வயது ஆகியிருந்தால் சான்றிதழ் வேண்டும். ஓவர்ஸ்டே (விசா முடிந்தும் தங்கியது) மட்டும்தான், கேஸே கிடையாது என்றாலும் வேண்டும். வேவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடியேற்ற விசா கோப்பில் இது கட்டாயம்.

3. மலேசியாவுல எட்டு மாசம், துபாய்ல மூணு வருஷம், மீதியெல்லாம் ஊர்ல. எந்தெந்த நாட்டுக்கு வாங்கணும்?

கணக்கு இப்படி. குடியுரிமை உள்ள நாட்டில் 6 மாதத்துக்கு மேல் வாழ்ந்திருந்தால் அங்கே ஒன்று. இப்போது வேறு நாட்டில் வசித்து, அங்கே 6 மாதம் தாண்டியிருந்தால் அங்கே ஒன்று. முன்பு 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று. இவை எல்லாவற்றிலும் 16 வயதுக்குப் பிந்தைய காலம்தான் சேரும். ஆனால் கைதாகியிருந்தால் எத்தனை நாள் இருந்தீர்கள், என்ன வயது என்ற பேச்சே இல்லை. அந்த இடத்துச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும்.

ஆக உங்களுக்கு இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும். எட்டு மாத மலேசியாவுக்கு வேண்டியதில்லை, அங்கே கைதாகாமல் இருந்தால். பெர்மிட் முடிந்து பிடிபட்டு, முகாமில் வைத்து ஊருக்கு அனுப்பியிருந்தால் அதையும் கைதாகவே எடுத்துக்கொண்டு தாள் திரட்டுங்கள். குடியேற்றச் சட்டப் பிரிவு 6(1)(சி) என்றோ 15(1)(சி) என்றோ எழுதிய மலேசிய நீதிமன்றத் தாள் பெட்டியின் அடியில் எங்காவது கிடக்கும். தேடி எடுங்கள்.

நாள் கணக்கை நினைவிலிருந்து போடாதீர்கள். பழைய பாஸ்போர்ட், புதிய பாஸ்போர்ட் இரண்டையும் விரித்து, குடியேற்ற முத்திரைகளைத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். குடியேற்ற விசா விண்ணப்பமான டிஎஸ்-260 படிவத்தில் உள்ள முகவரி, வேலை விவரம் அந்தத் தாளோடு பொருந்த வேண்டும். படிவத்தில் துபாய் 11 மாதம் என்றும் முத்திரையில் 14 மாதம் என்றும் இருந்தால் பிரச்சினை சான்றிதழோடு நிற்காது. வேண்டுமென்றே மறைத்தாரா என்ற கேள்வி வரும்.

4. நம்ம ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதாதா?

போதாது. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வேலைக்கும் வாடகைக்கும் எடுக்கும் சரிபார்ப்பு அறிக்கையும் இதற்கு ஆகாது. வேண்டியது பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பிசிசி, அதாவது போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட். பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, பிசிசி விண்ணப்பத்தைத் தேர்ந்து, நாடு என்ற இடத்தில் அமெரிக்காவைக் குறித்து, ரூ.500 கட்டி, அப்பாயின்ட்மென்ட் எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. 2022 செப்டம்பர் 28 முதல் ஆன்லைனில் இயங்கும் அஞ்சலக பாஸ்போர்ட் சேவா கேந்திரங்களிலும் பிசிசிக்கு விண்ணப்பிக்கலாம். எங்கே சீக்கிரம் தேதி கிடைக்கிறது என்று பார்த்து எடுங்கள்.

அசல் பாஸ்போர்ட், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகல், இப்போதைய முகவரிக்கு ஆதாரம், விண்ணப்ப எண் உள்ள தாள் ஆகியவற்றை எடுத்துப்போங்கள். பிறகு சரிபார்ப்பு உங்கள் ஸ்டேஷனுக்கு வரும். போனை எடுக்காமல் விட்டு, 'விண்ணப்பதாரர் முகவரியில் இல்லை' என்று அறிக்கை போய்விடுவதுதான் பிசிசி தாமதமாவதற்கு அடிக்கடி நேரும் காரணம். தெரியாத எண் என்று அந்த இரண்டு வாரம் மட்டும் வெட்டாதீர்கள்.

கையில் வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், நாடு மூன்றையும் அங்கேயே படியுங்கள். முன்பு துபாய் வேலைக்கு எடுத்த பிசிசியில் ஐக்கிய அரபு அமீரகம் என்று இருக்கும். அது இந்த வேலைக்கு உதவாது.

5. பாஸ்போர்ட்ல பென்னாகரம் அட்ரஸ். கல்யாணம் ஆகி ஓசூர்ல இருக்கேன். வேலை பெங்களூரு. எங்க போடறது?

இரவு எங்கே தங்குகிறீர்களோ அந்த முகவரி. ஓசூரிலிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வருபவருக்கு ஓசூர்தான். பெங்களூரில் அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் மட்டும் ஊருக்கு வருபவர் பெங்களூரு முகவரியில் போடுவதே சரி. ஓசூர் முகவரியில் போட்டால் போலீஸ் வரும் நாளில் வீடு பூட்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் பழைய முகவரி இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். இப்போதைய முகவரிக்கு ஆதாரம் காட்டுங்கள். மாமனார் வீட்டில் உங்கள் பெயரில் எந்தத் தாளும் இல்லையென்றால், பிசிசிக்கு முன்பே ஆதார் முகவரியை மாற்றிவிடுங்கள்.

6. பாஸ்போர்ட்ல ஒத்தப் பேருதான் இருக்கு. துபாய் கார்டுல அப்பா பேரு, தாத்தா பேரு எல்லாம் சேர்த்துப் போட்டிருக்காங்க. அமெரிக்கா விசாவுல FNU-ன்னு வேற இருக்குது, ஒரே ஆளுன்னு எப்படி நம்புவாங்க?

நம் பக்கத்து இனிஷியல் வழக்கம் வெளிநாட்டுக் கணினிக்குப் புரிவதில்லை. குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டில் இருக்கும் ஒரே பெயரை அமெரிக்கா குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, சொந்தப் பெயர் கட்டத்தில் எஃப்.என்.யு. என்று எழுதும். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான மூன்றெழுத்துக் குறி அது. உங்கள் பெயரின் பகுதி அன்று. அதனால் எந்த நாட்டு போலீஸ் விண்ணப்பத்திலும் அதை எழுதாதீர்கள்.

ஒவ்வொரு நாட்டிலும் அந்த நாட்டு அடையாள அட்டையில் இருந்த பெயரிலேயே விண்ணப்பித்து, 'வேறு பெயர்கள்' என்ற கட்டத்தில் மற்ற எல்லா வடிவங்களையும் கொடுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல், பள்ளிச் சான்றிதழ் எழுத்து, இப்போதைய பெயர், எதையும் விடாதீர்கள். கடைசியில் எல்லாப் பெயரும் ஒரே ஆளுடையவை என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, அடையாள அட்டை நகல்களைப் பின்னால் வையுங்கள். டிஎஸ்-260-இல் வேறு பெயர்கள் கேட்கும் இடத்திலும் இதே பட்டியல் வர வேண்டும்.

7. எதை முதல்ல ஆரம்பிக்கணும்? எவ்வளவு நாள் செல்லும்?

தாமதமாகக் கூடியதை முதலில். வெளிநாட்டுச் சான்றிதழ்களையும் கோர்ட் நகல்களையும் முதல் வாரமே தொடங்கிவிட்டு, இந்தியப் பிசிசியைக் கடைசியில் எடுங்கள். பலர் நேர்மாறாகச் செய்து பிசிசியை இரண்டு முறை எடுக்கிறார்கள்.

பொதுவாகச் சான்றிதழ் 2 ஆண்டு செல்லும். முன்பு வாழ்ந்த நாட்டுச் சான்றிதழ் வாங்கியபின் அந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லையென்றால் அது காலாவதியாகாது. இந்தியாவிலேயே வசிப்பவரின் இந்தியப் பிசிசிக்கு இந்தச் சலுகை இல்லை. வேவர் முடிவுக்கு மாதக்கணக்கில், சிலசமயம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால், மும்பை மறுபடி கூப்பிடும்போது புதுப் பிசிசி கேட்பார்கள் என்று இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள். துபாய் சான்றிதழ் வாங்கியபின் உறவுக்காரர் கல்யாணத்துக்கு ஒரு வாரம் துபாய் போய்வந்தால் மேலே சொன்ன சலுகையும் போய்விடும்.

8. துபாய், சிங்கப்பூர் சர்டிபிகேட்டை ஊர்ல இருந்தே வாங்க முடியுமா?

முடியும், இரண்டுக்கும் கைரேகை வேண்டும். சிங்கப்பூரில் போலீஸ் படை தரும் தாளுக்கு 'சர்டிபிகேட் ஆஃப் கிளியரன்ஸ்' என்று பெயர். விண்ணப்பம் ஆன்லைனில், கைரேகைப் படிவம் அசலாகக் கூரியரில். யார் கேட்டார்கள் என்பதற்கு எழுத்து ஆதாரம் கேட்பார்கள். அமெரிக்காவின் தேசிய விசா மையத்தின் மின்னஞ்சலோ, மும்பையில் கொடுத்த தாளோ இருந்தால் அதை இணையுங்கள். வொர்க் பெர்மிட்டில் இருந்த எஃப்.ஐ.என். எண்ணை (வெளிநாட்டவருக்கு சிங்கப்பூர் தரும் அடையாள எண்) மறந்திருந்தால் பழைய பாஸ்போர்ட்டிலோ சம்பளச் சீட்டிலோ தேடுங்கள்.

அமீரகத்தில் அங்கே இருப்பவர் ஆப்பிலேயே எடுத்துவிடுகிறார். ஊருக்கு வந்துவிட்டவர் கைரேகை அட்டையில் அமீரகத் தூதரகச் சான்றொப்பம் பெற வேண்டியிருக்கும். டெல்லித் தூதரகம் தவிர மும்பையிலும் திருவனந்தபுரத்திலும் துணைத் தூதரகங்கள் உண்டு. எமிரேட்ஸ் ஐடி எண், ரத்தான ரெசிடன்ஸ் விசாப் பக்கத்தின் நகல் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மொழியைக் கேட்கும்போது ஆங்கிலத்தைத் தேர்ந்தால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.

மலேசியாவில் 12 மாதம் தாண்டியவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தருவது புத்ராஜெயாவில் உள்ள வெளியுறவு அமைச்சகம். போலீஸ் நிலையத்துக்கு எழுதிப் பயனில்லை. இங்கிலாந்துக்கு ஏ.சி.ஆர்.ஓ. என்ற அலுவலகம். அவர்கள் தாளில் 'நோ டிரேஸ்' என்றால் பதிவே இல்லை. 'நோ லைவ் டிரேஸ்' என்றால் ஏதோ பதிவு உண்டு, ஆனால் பழையதாகி வெளியே காட்டப்படுவதில்லை என்று பொருள். ஒரு சொல்தான் கூடுதல். ஆனால் அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் மும்பையில் கேள்வி வரும். விவரத்தையும் கோர்ட் தாளையும் முன்கூட்டியே சேருங்கள்.

9. கைரேகை எங்க எடுக்கறது? ரெண்டு தடவை ரிஜெக்ட் ஆயிடுச்சு.

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ எஸ்.பி. ஆபீசில் மனு கொடுத்து, கைரேகைப் பிரிவில் எடுக்கலாம். எந்த நாட்டு எந்த அலுவலகம் கேட்கிறது என்று மனுவில் எழுதி, அந்த நாட்டுப் படிவத்தை நீங்களே அச்சிட்டு மூன்று பிரதி கொண்டுபோங்கள். ஸ்டேஷனில் இருக்கும் வெள்ளைத்தாளில் எடுத்தால் திரும்பி வரும்.

நிராகரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் மை. ரப்பர் ஸ்டாம்ப் நீல மை ஆகாது, கறுப்பு அச்சு மை வேண்டும். அதைக் கண்ணாடித் தட்டில் மெல்லிய படலமாக உருட்ட வேண்டும். அதிகம் தடவினால் ரேகைக்கு நடுவே உள்ள பள்ளமும் நிரம்பி வெறும் கறுப்பாகிவிடும். பத்து விரலையும் தனித்தனியே நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே உருட்டில் எடுக்க வேண்டும். கீழே நான்கு விரல் சேர்த்து நேராக அழுத்திய பதிவு, பக்கத்தில் கட்டைவிரல். முன்னும் பின்னும் உருட்டினால் இரட்டை ரேகை விழும். விரலைத் தளர்வாக விட்டு, உருட்டும் வேலையை எடுப்பவரிடம் விடுங்கள்.

கிரானைட் பாலீஷ் வேலை, கல் குவாரி, மாங்கூழ் ஆலை என்று வேலை பார்த்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். ஒரு வாரம் இரவில் தேங்காய் எண்ணெய் தடவி, அந்த வாரம் சிமெண்டையும் சோப்புத் தூளையும் தொடாமல் இருங்கள். எடுக்கும் நாளில் எண்ணெய்ப் பசையில்லாமல் கழுவித் துடைத்துப் போங்கள். இல்லாத விரலுக்கான கட்டத்தில் காரணம் எழுத வேண்டும், வெற்றாக விடக்கூடாது. எடுப்பவரின் பெயர், பதவி, கையெழுத்து, முத்திரை, தேதி ஐந்தும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அட்டையை மடிக்காமல் உறையில் வையுங்கள்.

10. சவுதியை விட்டு வந்து பத்து வருஷம் ஆச்சு. கம்பெனியே இல்ல, இகாமாவும் (அங்க தங்கறதுக்குத் தர்ற கார்டு) இல்ல. என்ன பண்றது?

முதலில் அமெரிக்க வெளியுறவுத் துறை தளத்தில் நாடு வாரியாக உள்ள ஆவணப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு நாட்டிலும் சான்றிதழ் யார் தருகிறார்கள், வெளியேறியவருக்குக் கிடைக்குமா என்று அதில் இருக்கும். கிடைக்காது என்று அந்தப் பக்கமே சொன்னால், அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கோப்பில் வைத்தால் போதும்.

கிடைக்கும் என்று சொல்லி உங்களுக்கு மட்டும் கிடைக்காவிட்டால், முயன்றதை நிரூபியுங்கள். தூதரகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல், பதிவுத் தபால் ரசீது, அவர்கள் தந்த மறுப்பு, அதற்கு மேல் தேதி வாரியாக நீங்கள் எழுதிய பிரமாணப் பத்திரம். 'யாரும் பதில் போடல' என்ற ஒரு வரி ஆதாரமாகாது. ஸ்பான்சர் ஹுரூப் (வேலையை விட்டு ஓடிவிட்டார் என்ற புகார்) போட்டதால் வந்த சிக்கல் என்றால் அதையும் அதே பத்திரத்தில் எழுதுங்கள்.

11. பக்கத்துத் தோட்டக்காரரோட வரப்புத் தகராறு. சி.எஸ்.ஆர். மட்டும் போட்டாங்க, எஃப்.ஐ.ஆர். இல்ல. சொல்லணுமா?

சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கான ரசீது. கூப்பிட்டு விசாரித்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியது கைது ஆகாது. டிஎஸ்-260 கேட்பது கைதானதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா என்று. ஆனால் அன்று இரவு லாக்கப்பில் வைத்திருந்தால் கதை வேறு. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சி.எஸ்.ஆர். நகல் எதற்கும் கையில் இருக்கட்டும்.

எஃப்.ஐ.ஆர். பதிவாகி 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' (புகாரில் சொன்னது உண்மையல்ல) என்று ஸ்டேஷனிலேயே முடித்திருந்தால், அந்த இறுதி அறிக்கையின் நகலும் அதைக் கோர்ட் ஏற்றதற்கான தாளும் வேண்டும். கேஸை விட்டுவிட்டார்கள் என்று ஏட்டு சொன்னது போதாது.

12. குடிச்சிட்டு வண்டி ஓட்டினதுக்கு கோர்ட்ல ஃபைன் கட்டிட்டு வந்துட்டேன். அது கேஸ் இல்லதானே?

கேஸ்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது அமெரிக்கக் கணக்கில் தண்டனை. எஸ்.டி.சி. எண்ணை (சுருக்க விசாரணை வழக்கு எண்) கண்டுபிடித்து உத்தரவின் நகல் வாங்குங்கள். இந்த ஒன்றால் விசா போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. சமீப ஆண்டுகளில் நடந்ததென்றால் மருத்துவப் பரிசோதனையில் குடிப்பழக்கம் பற்றிக் கூடுதலாக விசாரிப்பார்கள். அபராதத்தை விட அதை மறைப்பதுதான் பெரிய பிரச்சினையாகிறது.

13. ஆபாசமா திட்டினது, அடிச்சது, மிரட்டினதுன்னு 294(பி), 323, 506(1) போட்டாங்க. சமரசம் ஆகி விடுதலை ஆயிட்டேன். விடுதலைக்கும் பேப்பர் வேணுமா?

வேண்டும். கைது இருந்தால் முடிவு எதுவானாலும் முழுத் தொகுப்பு வேண்டும்: எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பு. ரிமாண்டில் இருந்திருந்தால் கிளைச் சிறையோ சேலம் மத்திய சிறையோ தரும், உள்ளே போன தேதியும் வெளிவந்த தேதியும் உள்ள தாள். கோர்ட்டில் நகல் மனு போட்டு, முத்திரை உள்ள சான்றிட்ட நகலாக இரண்டு தொகுதி கேளுங்கள். ஒன்று மும்பைக்கு, ஒன்று வீட்டில். வழக்கு எண்ணை மறந்தவர் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். 16 எழுத்துள்ள சி.என்.ஆர். எண் கிடைத்தால் வேலை சுலபம்.

தண்டனை ஆனவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: அந்தச் சட்டப் பிரிவின் வாசகம். அமெரிக்கச் சட்டத்தில் சிறு குற்ற விலக்கு ஒன்று உண்டு. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றம் ஒன்றே ஒன்றாக இருந்து, அதற்குச் சட்டம் விதிக்கக்கூடிய அதிகபட்சம் ஓராண்டைத் தாண்டாமல், உங்களுக்கு விதித்தது 6 மாதத்தைத் தாண்டாமல் இருந்தால் வேவரே தேவைப்படாமல் போகலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294-க்கு அதிகபட்சம் 3 மாதம், 323-க்கு ஓராண்டு, 506-இன் முதல் பாகத்துக்கு 2 ஆண்டு. எது ஒழுக்கக்கேடு என்று தீர்மானிப்பது அதிகாரி. வாசகத்தை எடுத்துக் கொடுப்பது உங்கள் வேலை. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்டதால், பழைய கேஸுக்குப் புதிய சட்டத்தின் பிரிவைத் தவறாக இணைத்துவிடாதீர்கள்.

14. கேஸ் 1999-ல. கிருஷ்ணகிரி கோர்ட்ல கேட்டா தர்மபுரி போங்கறாங்க, அங்க போனா இங்க வாங்கறாங்க.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. அதற்கு முந்தைய தாளிலெல்லாம் தர்மபுரி மாவட்டம் என்றே இருக்கும். இன்றைய மாவட்டப் பெயரை வைத்துத் தேடினால் இப்படி அலைய வேண்டியதுதான். எந்த ஸ்டேஷன், எந்த மாஜிஸ்திரேட் கோர்ட் என்பதைப் பிடித்துக்கொண்டு, இரண்டு ஊர் பதிவறையிலும் எழுத்து மனு கொடுங்கள். மும்பைக்குக் கொடுக்கும்போது மாவட்டம் பிரிந்ததை ஒரு வரி எழுதுங்கள். தர்மபுரி என்று எஃப்.ஐ.ஆரிலும் கிருஷ்ணகிரி என்று படிவத்திலும் இருப்பதைப் பார்ப்பவருக்கு அது இரண்டு கேஸாகத் தெரியும்.

பழைய கட்டுகளை அழித்திருந்தால், 'ஆவணம் அழிக்கப்பட்டது' என்று கோர்ட்டே எழுதித் தரும் தாள் வேண்டும். ஸ்டேஷன் பதிவுகளுக்கு எஸ்.பி. ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்.டி.ஐ. மனு போடலாம். கட்டணம் ரூ.10, பதிலுக்கு 30 நாள். 'பதிவு இல்லை' என்ற பதிலும் நல்ல ஆதாரம்தான்.

15. கேஸ் அத்திப்பள்ளி ஸ்டேஷன்ல. பேப்பர் பூரா கன்னடம்.

ஓசூர்க்காரர்களுக்கு இது சகஜம். நம் பிசிசியில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக எல்லை தாண்டிய கேஸ் இல்லாமல் போகாது. கர்நாடகக் கோர்ட்டில் நகல் வாங்கி, தமிழோ கன்னடமோ எதுவானாலும் வரி விடாமல், முத்திரையில் உள்ள எழுத்து உட்பட ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும். இரண்டு மொழியும் தனக்குத் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நோட்டரி கட்டாயமில்லை. கணவனோ மனைவியோ மொழிபெயர்ப்பதைத் தவிர்த்து, வெளியாளிடம் கொடுப்பது நல்லது.

16. கைதானதே அமெரிக்காவுலதான். அதுக்கு போலீஸ் சர்டிபிகேட் வேண்டாம்னு சொன்னாங்களே?

அமெரிக்க போலீஸ் சான்றிதழ் விசா கோப்புக்கு வேண்டாம் என்பது உண்மை. வேவருக்கு அது போதாது. எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் அடையாள வரலாற்றுச் சுருக்கத்தை நீங்களே 18 டாலர் கட்டி வாங்குங்கள். எப்டி-258 அட்டையில் கைரேகை (9-ஆம் பதிலைப் பாருங்கள்) எடுத்து மேற்கு வர்ஜீனியாவுக்கு அனுப்ப வேண்டும். சீக்கிரம் வாங்கித் தரும் தனியார் முகவர்கள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். இங்கிருந்து அவர்களிடம் பணம் கட்டி ஏமாறாதீர்கள். அந்தச் சுருக்கத்தில் கேஸின் முடிவு பல நேரம் விட்டுப்போயிருக்கும். அதனால் அந்த கவுண்டி கோர்ட் கிளார்க்கிடம் சான்றிட்ட முடிவுத் தாளை அங்கே இருக்கும் துணைவர் நேரில் வாங்குவது நல்லது.

விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள், அதிகாரி என்ன எழுதினார் என்று அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்ட மனு மூலம் தங்கள் கோப்பைக் கேட்டுப் பார்த்தபின் வேவர் எழுதுங்கள். வெளியேற்ற உத்தரவு இருந்தால் ஐ-212 என்ற தனிப் படிவமும் சேரும்.

17. கேஸ் நிலுவையில இருக்கு. பிசிசி வராதா?

ஸ்டேஷன் அறிக்கை பாதகமாகப் போனால் பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பும். வழக்கு எண், கோர்ட், இப்போதைய நிலை எல்லாவற்றையும் எழுதி, ஆவணத்தோடு பதில் கொடுங்கள். கோர்ட் அனுமதி தேவைப்பட்டால் உங்கள் வழக்கறிஞர் மனு போட வேண்டியிருக்கும். பதிலே போடாமல் புது விண்ணப்பம் போடுவதால் ரூ.500-ம் ஒரு மாதமும் போவதுதான் மிச்சம். தவிர, முடியாத கேஸின் மேல் வேவர் எழுதுவது ஈரச் சுவரில் வெள்ளையடிக்கிற மாதிரி. முதலில் கேஸை முடியுங்கள்.

18. பழைய கேஸ் ஒண்ணு இருக்கு. ஆனா பிசிசி சுத்தமா வந்திடுச்சு. இனி எதுக்கு வாயைத் தொறக்கணும்?

பிசிசி சொல்வது, பயண வசதிக்கும் விசாவுக்கும் தடையாகப் பாதகமான தகவல் எதுவும் இல்லை என்று மட்டும்தான். கேள்வி உங்களிடம் நேரடியாக, சத்தியத்தின்பேரில் கேட்கப்படுகிறது. இல்லை என்று எழுதி, பிற்பாடு தெரிந்தால், முக்கியமான உண்மையை மறைத்த பொய்த் தகவலாகி ஆயுள் தடையில் போய் நிற்கலாம். சாதாரண அடிதடி கேஸுக்குத் தேவையே இல்லாத வேவர், மறைத்ததற்குத் தேவைப்படும். சுத்தமான பிசிசியோடு பழைய கேஸின் தீர்ப்பையும் சேர்த்துக் கொடுப்பவருக்கு அந்தப் பிசிசி நல்லெண்ணத்துக்குச் சாட்சி.

19. வேவர் அப்ரூவ் ஆயிடுச்சு. மும்பைல புதுசா பிசிசி கேட்கறாங்க. நடுவுல ஒரு கேஸ் வந்திடுச்சு. பழைய வேவரே போதுமா?

புதுச் சம்பவத்தால் புதுத் தகுதியின்மை வந்தால் போதாது. காரணம் முதல் பதிலின் கடைசிப் பத்தியில் உள்ள விதி. முன்பே நடந்து, மனுவில் எழுதாமல் விட்ட சம்பவத்துக்கும் அதே கதி. எஃப்.ஐ.ஆர். நகலையும் கோர்ட் நிலையையும் எடுத்துக்கொண்டு, இன்டர்வியூவுக்கு முன்பே வேவர் போட்ட வழக்கறிஞரிடம் கொடுங்கள். அது விசாவுக்குத் தடையாகும் குற்றமே இல்லையென்றால் ஆவணத்தோடு விளக்கம் கொடுத்துக் கடந்துவிடலாம். தடையாகும் என்றால் இன்னொரு ஐ-601, இன்னொரு கட்டணம். அப்போதும் வெளிநாட்டுச் சான்றிதழ்களைத் தூக்கிப்போடாதீர்கள். 7-ஆம் பதிலில் சொன்னபடி, அந்த நாட்டுக்குத் திரும்பிப் போகாதவரை அவை செல்லும்.